கியர் லீவர் ஆட்டம்: இறுக்கும் முன் பார்க்க வேண்டிய இடம்

நெடுந்தூரம் ஓடும் வண்டியில் கியர் லீவர் தொளதொளவென்று ஆட ஆரம்பித்தால் பெரும்பாலானோர் செய்வது ஒன்றுதான். பத்தாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து, கண்ணுக்குத் தெரிகிற போல்ட்டை ஓங்கி இறுக்கிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சில நூறு கிலோமீட்டரில் அதே போல்ட் மறுபடி லூஸாகும். மறுபடி இறுக்குவார்கள். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ மரை போய்விடும்; அப்புறம் வெல்டிங் பட்டறைதான். நம் ஊர்களில் இது வாடிக்கையாகிவிட்டது என்பதால்தான் இந்த அத்தியாயத்தை ஒரே ஒரு விஷயத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். போல்ட் லூஸாவது விளைவு. காரணம் பெரும்பாலும் லீவர் சுழல்கிற அச்சில், கிரீஸ் வற்றிப் புழுதி ஏறிய புஷ்ஷில் இருக்கிறது. அங்கே பிறக்கிற ஆட்டம்தான் லிங்க் ராடு வழியாகப் போய் லாக் நட்டைத் தளர்த்துகிறது, பால் ஜாயின்ட்டைத் தேய்க்கிறது, கடைசியில் கியர் ஷாஃப்ட்டின் பற்களைத் தின்கிறது. ஆகவே முதலில் கையில் எடுக்க வேண்டியது கிரீஸ் டப்பா. ஸ்பேனர் அதற்குப் பிறகு.

எல்லா வண்டிக்கும் லிங்க் கிடையாது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஊருக்குள் ஓடும் நூறு சி.சி. வண்டிகளில் லீவர் நேராக கியர் ஷாஃப்ட்டின் மேலேயே மாட்டப்பட்டிருக்கும். அங்கே ஆட்டம் வர இருக்கிற இடம் ஒன்றே ஒன்று, அந்தப் பல் பிடிப்பு. கால்மிதியை முன்னே தள்ளி வைத்த குரூஸர்களிலும் பின்னே தள்ளி வைத்த ஸ்போர்ட்ஸ் வண்டிகளிலும் கால் இருக்கிற இடம் வேறு, கியர் ஷாஃப்ட் வெளியே வருகிற இடம் வேறு. இரண்டையும் சேர்க்கத்தான் லிங்க். காலால் மிதிக்கிற லீவர் தன் சொந்த அச்சில் சுழலும். அதன் மறுமுனையில் ஒரு பால் ஜாயின்ட். அதிலிருந்து ஒரு ராடு. ராடின் அந்தப் பக்கம் இன்னொரு பால் ஜாயின்ட். அது ஒரு சின்னக் கையைத் தள்ளும். அந்தக் கை ஷாஃப்ட்டின் பற்களைக் கவ்விப் பிடித்திருக்கும். ஆக, ஆட்டம் குடியேற நான்கு இடங்கள். வசதிக்காகச் சேர்த்த ஒவ்வொரு மூட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் தளர்வைக் கொண்டுவரும் என்பது புதிய பாடமும் இல்லை. அமெரிக்காவில் விற்கும் மோட்டார் சைக்கிள்களில் கியர் இடது காலில்தான் இருக்க வேண்டும் என்ற விதி 1974 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தபோது, வலப்பக்கம் கியர் வைத்திருந்த இங்கிலாந்து வண்டிகள் திண்டாடின. நார்ட்டன் கமாண்டோவின் 1975 மாடலில் லீவரை இடப்பக்கத்துக்குக் கொண்டுவர ஒரு குறுக்கு அச்சையே உள்ளே நுழைக்க வேண்டியிருந்தது. நேரடியாக இருந்த ஒன்றைச் சுற்றுவழியில் கொண்டுபோனால் பராமரிப்பும் அதற்கேற்பக் கூடும்.

மூட்டில் இருக்கிற ஆட்டம் கண்ணால் பார்த்தால் அற்பமாகத் தெரியும். ஏமாற்றுவது அதுதான். லீவரின் அச்சிலிருந்து கால்விரல் படுகிற ரப்பர் வரை 120 மி.மீ. என்றும், அதே அச்சிலிருந்து ராடு மாட்டியிருக்கிற துளை வரை 40 மி.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். ராடு பக்கத்தில் 1 மி.மீ. ஆட்டம் இருந்தால் கால்விரலில் அது 3 மி.மீ. ஆகிறது. நான்கு மூட்டுகளும் ஆளுக்கு அரை மி.மீ. தளர்ந்தால் மொத்தம் 2 மி.மீ.; காலுக்கு 6 மி.மீ. வெற்று அசைவு. கியர் விழுவதற்குக் கால் போக வேண்டிய தூரமே கொஞ்சம்தான். அதில் இவ்வளவு வீணானால், முழுதாக மிதித்தோம் என்று கால் நினைக்கும்போது உள்ளே கியரை நகர்த்தும் டிரம் பாதி வழியில் நிற்கும். இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் பொய் நியூட்ரல் விழுவதும், இன்ஜின் திடீரென்று வெறுமனே கத்துவதும் இப்படித்தான். பாதி மட்டும் கோத்த கியர் பற்கள் இழுவையில் நழுவும்போது அவற்றின் முனைகள் மழுங்கும். வெளியே சில ரூபாய் புஷ்ஷில் தொடங்கிய கோளாறு இன்ஜினைப் பிரிக்கிற வேலையில் போய் முடிவது அந்த மழுங்கலால்தான்.

திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்தை மையமாக வைத்து வண்டி ஓட்டுகிறவருக்கு இது மற்றவர்களைவிடச் சீக்கிரம் வரும் என்று நினைக்கக் காரணம் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து புறப்படும் சாலைகள் லிங்கை இரண்டு எதிரெதிர் விதங்களில் சோதிக்கின்றன. ஒரு பக்கம் மதுரையிலிருந்து நத்தம் வழியாகத் துவரங்குறிச்சி போகும் தேசிய நெடுஞ்சாலை 785. மதுரைக்குள் 7.3 கி.மீ. நீளத்துக்கு மேம்பாலமும் அதைத் தொடர்ந்து நான்குவழிச் சாலையும் 2023 ஏப்ரலில் திறக்கப்பட்ட பிறகு, டாப் கியரில் போட்டுவிட்டால் வெகுதூரத்துக்குக் காலுக்கு வேலையே இல்லை. இன்னொரு பக்கம் திண்டுக்கல் சாலை. கோபால்பட்டி, சாணார்பட்டி என்று ஊர்கள் வரிசையாக வரும். தை மாதத்தில் பழனிக்கு நடந்து போகும் பக்தர்கள் சாலையோரத்தை நிறைத்திருப்பார்கள். ஒன்று, இரண்டு, மறுபடி ஒன்று என்று கால் ஓயாது. அந்தச் சாலையிலிருந்து பிரிகிற சிறுமலைப் பாதையில் 18 கொண்டை ஊசி வளைவுகள். வளைவுக்கு ஒரு முறை கியரைக் குறைத்து ஒரு முறை கூட்டினால்கூட, ஏறி இறங்க 72 முறை லீவர் அசைகிறது. உண்மையில் அதைவிட அதிகமாகவே இருக்கும். இந்த இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. சாலையோரச் செம்மண் புழுதிக்கு லீவர் அச்சு எட்டாத இடம் ஒன்றுமில்லை. கிரீஸோடு கலந்த செம்மண் தேய்ப்பு மாவு மாதிரியேதான் வேலை செய்யும்.

கியரை அதிகம் மாற்றுகிற சிறுமலைப் பாதையில்தான் லிங்க் கழன்றுபோகும் என்று தோன்றும். தேய்மானத்துக்கு அது பொருந்தும். தளர்வுக்குக் காரணம், காலே படாத நெடுஞ்சாலை ஓட்டம்தான். ஒற்றை சிலிண்டர் இன்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்றில் ஓடினால் நொடிக்கு 67 அதிர்வு. ஒரு மணி நேரத்துக்கு 2,40,000. இத்தனை முறையும் லீவர் தன் அச்சில் தொங்கிக்கொண்டு நடுங்குகிறது. புஷ் இறுக்கமாக இருந்தால் அந்த நடுக்கம் வண்டியோடு சேர்ந்த நடுக்கம். மூட்டுகளுக்கு அது தெரியாது. புஷ் தேய்ந்திருந்தால் லீவர் பக்கவாட்டில் தனியாக ஆடும். ராடு மறுமுனையில் கட்டுண்டிருப்பதால் அந்த ஆட்டம் பால் ஜாயின்ட்டை அதன் சாய்வின் எல்லை வரை கொண்டுபோய் இடிக்கிறது; இடிக்கும் ஒவ்வொரு முறையும் ராடைக் கொஞ்சம் முறுக்குகிறது. இப்படிப் பக்கவாட்டில் வழுக்கும் அசைவுதான் மரையைக் கழற்றுகிறது என்பதை ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-இல் சோதனை செய்து காட்டினார். போல்ட்டை அதன் நீளவாக்கில் எவ்வளவு இழுத்து விட்டாலும் அது அவ்வளவு எளிதில் கழறுவதில்லை. அது இறுக்கிப் பிடித்திருக்கும் இரண்டு பரப்புகள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே வழுக்கினால், மரையைப் பிடித்து வைத்திருக்கும் உராய்வு அந்தக் கணத்தில் அற்றுப்போகிறது; யாரும் தொடாமலேயே நட் தானாகத் திரும்பத் தொடங்குகிறது. நான் புஷ்ஷை முதலில் வைப்பது இதனால்தான். குறுக்கு அசைவை நிறுத்தாமல் நட்டை மட்டும் இறுக்கினால், அது தளர எடுத்துக்கொள்ளும் நாளைத்தான் தள்ளிப்போடுகிறோம்.

ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதுமே என்று கேட்பவர்கள் உண்டு. அதை நம்பி நிம்மதியாக இருக்கிறவர்கள் ஏராளம். ஆனால் முழுதாக இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிடுகிறது. அதன்பின் சாதாரண வாஷருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை என்று நாசா 1990-இல் வெளியிட்ட போல்ட், நட் வடிவமைப்புக் கையேடே சொல்கிறது. குறுக்கு அதிர்வுச் சோதனைகளிலும் அது பெரிதாகக் காப்பாற்றவில்லை. லாக்டைட் போன்ற மரைப்பசை இதைவிட எவ்வளவோ மேல். அதை நானும் சிபாரிசு செய்கிறேன். நீல நிற நடுத்தர ரகம் போதும், பிறகு ஸ்பேனரால் கழற்ற முடியும். சிவப்பு ரகம் போட்டால் கழற்றச் சூடு காட்ட வேண்டிவரும். எண்ணெயைத் துடைத்து உலர்ந்த மரையில் ஒன்றிரண்டு சொட்டு விட்டு, முழு பலம் பெற ஒரு நாள் விட வேண்டும். பசை தடவிய கையோடு சிறுமலைக்குக் கிளம்புவது வீண். ஆனால் பசை ஒட்டுவது மரையை மட்டும்தான். தேய்ந்த புஷ்ஷையும் தேய்ந்த பல்லையும் அது நிரப்பாது. நட் அசையாமல் நின்றாலும் ஆட்டம் வேறு மூட்டைத் தின்றுகொண்டே இருக்கும்.

சோதனைக்கு வருவோம். வண்டியை சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, நியூட்ரலில் வைக்கவும். லிங்க் முழுவதையும் பழைய பிரஷ்ஷும் மண்ணெண்ணெயும் கொண்டு துடைக்க வேண்டும். பால் ஜாயின்ட்டின் ரப்பர் உறையில் மட்டும் மண்ணெண்ணெய் படாமல் பார்த்துக்கொள்ளவும். அழுக்கின் மேல் வைத்த விரலுக்கு ஆட்டம் தெரியாது. பிறகு ஒரு கையால் லீவரின் நுனியைப் பிடித்து, வண்டியை நோக்கியும் வெளியேயும் அசைக்க வேண்டும். மற்றொரு கையின் ஆள்காட்டி விரல் லீவருக்கும் அதன் அச்சுக்கும் நடுவில் இருக்கட்டும். அங்கே ஏதாவது நகர்ந்தால் அது புஷ். அடுத்து லீவரை மேலும் கீழும், கியர் விழாத அளவுக்கு மெல்ல அசைத்துக்கொண்டே விரலை ஒவ்வொரு மூட்டாக நகர்த்த வேண்டும். இரண்டு உலோகங்கள் ஒன்றுக்கு முன் ஒன்று கிளம்பும் இடம் விரலுக்கு 'டிக்' என்று தெரியும். கண்ணைவிட விரல் நம்பகமானது. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ராடைப் பிடித்துத் தன்னைத்தானே சுற்றும்படி உருட்டினால் அது கொஞ்சம் உருளும். பால் ஜாயின்ட்டின் இயல்பே அது, கோளாறு இல்லை. ராடைத் தள்ளி இழுக்கும்போது குண்டு தன் கிண்ணத்துக்குள் தட்டினால்தான் அந்த ஜாயின்ட்டை மாற்ற வேண்டும்.

பல் பிடிப்பில் தேய்மானம் இருக்கிறதா என்று கண்டுபிடிக்க இன்னொரு அடையாளம் உண்டு. கவ்விப் பிடிக்கும் கைக்கும் ஷாஃப்ட்டுக்கும் நடுவிலிருந்து செம்பழுப்புப் பொடி கசிந்திருக்கும். இரும்பு இரும்போடு நுண்ணியதாக உரசும்போது உதிர்கிற துருப்பொடி அது. நத்தம் பக்கத்து வண்டியில் இதைச் செம்மண் என்று நினைத்துத் துடைத்துவிடுவது எளிது, நிறம் அவ்வளவு ஒத்துப்போகும். மண் என்றால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி படிந்திருக்கும். இரு விரல்களுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் மணல் நறநறக்கும். துருப்பொடி அந்த இடுக்கிலிருந்து மட்டுமே வரும். மை மாதிரி விரலில் ஒட்டும். துடைத்துவிட்டு நூறு கி.மீ. ஓட்டினால் அதே கோட்டில் மறுபடி நிற்கும். அப்படி நின்றால் அந்தக் கை உடனே கழற்றிப் பார்க்க வேண்டிய ஒன்று.

லிங்கைக் குறை சொல்வதற்கு முன் அது நிரபராதியா என்றும் பார்த்துவிட வேண்டும். கியர் கடினமாக விழுவதற்கு கிளட்ச் கேபிளின் தளர்வு, பழைய ஆயில், அளவுக்கு மீறித் தொங்கும் செயின் எல்லாமே காரணமாகலாம். பிரித்தறிவது எளிது. லீவரை அசைக்கும்போது ஷாஃப்ட்டின் மேலுள்ள சின்னக் கை கூடவே அசைகிறதா என்று பார்க்கவும். லீவர் அசைந்து கை அசையாமல் நின்றால் குற்றம் லிங்கில். கை ஒழுங்காக அசைந்தும், பின்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே போட்டும் கியர் விழவில்லையென்றால் கோளாறு உள்ளே. வெளியே எதை இறுக்கியும் பயனில்லை. ஷாஃப்ட்டே உள்ளும் வெளியும் இம்மியளவு நகர்வதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதன் ஆயில் சீலில் கசிவு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவும்.

பழுதுபார்ப்பை லீவர் அச்சிலிருந்து தொடங்க வேண்டும். லீவரைக் கழற்றி, அச்சையும் புஷ்ஷையும் துடைத்து வெளிச்சத்தில் பார்க்கவும். அச்சில் ஒரு பக்கம் மட்டும் பள்ளம் விழுந்து பளபளப்பாக இருந்தால், புது புஷ் போட்டாலும் ஆட்டம் போகாது. அச்சையும் மாற்ற வேண்டும். புஷ் தனியாகக் கிடைக்காத வண்டிகளில் கம்பெனி முழு லீவரையே வாங்கச் சொல்லும். அதற்குப் பதிலாக லேத் பட்டறையில் கன்மெட்டல் புஷ் கடைந்து போடுவது கௌரவமான தீர்வு. திண்டுக்கல்லிலும் மதுரையிலும் இதைச் செய்கிற லேத்துகளுக்குப் பஞ்சமில்லை. கடைபவரிடம் அச்சையும் கையோடு கொடுக்க வேண்டும். அளவை வாயால் சொன்னால் போதாது. அச்சு புஷ்ஷுக்குள் கையால் தள்ளினால் வழுக்கி நுழைய வேண்டும், நுழைந்த பின் பக்கவாட்டில் அசையக் கூடாது, அதுதான் அளவு. லித்தியம் கிரீஸை மெல்லிசாகத் தடவி, வாஷர்களை எடுத்த வரிசையிலேயே மாட்டவும். அலை வாஷர் இருந்தால் அதைத் தூக்கி எறியக் கூடாது. லீவரைப் பக்கவாட்டில் அமைதியாக வைத்திருப்பது அந்தச் சின்னத் தகடுதான். பொருத்தி முடித்ததும், ராடு மாட்டாத நிலையில், லீவரைத் தூக்கி விட்டால் தன் எடையிலேயே விழ வேண்டும்.

அடுத்தது ராடு. இதன் ஒரு முனையில் சாதாரண மரையும் மறுமுனையில் இடது மரையும் இருக்கும். அதனால்தான் ராடை நடுவில் பிடித்துத் திருப்பினால் இரண்டு ஜாயின்ட்டும் ஒன்றையொன்று நெருங்கவோ விலகவோ செய்கின்றன. ஆறு மி.மீ. மரையில் ஒரு சுற்றுக்கு 1 மி.மீ.; இரு முனையும் சேர்த்தால் 2 மி.மீ. இந்த வசதியே ஆபத்தும்கூட. இரண்டு லாக் நட்டும் தளர்ந்துவிட்டால் அதிர்வில் ராடு தானாகத் திரும்பித் தன் நீளத்தை மாற்றிக்கொள்ளும். இன்று காலுக்கு லீவர் தாழ்வாகத் தெரிகிறதே என்று தோன்றினால் காலணியைச் சந்தேகிக்கும் முன் லாக் நட்டைப் பார்க்கவும். இடது மரை நட்டை வழக்கமான திசையில் இறுக்கப் பார்த்து மரையை நாசமாக்குவது பட்டறைகளில் நடக்கிற பிழை. பல வண்டிகளில் அந்த நட்டின் ஓரத்திலோ ராடின் அந்த முனையிலோ ஒரு கோடு வெட்டியிருக்கும். சரியான நீளம் வைத்ததும் ஒவ்வொரு முனையிலும் ஆறு சுற்றாவது மரை உள்ளே இருக்கிறதா என்று பார்த்து, ஜாயின்ட் இரண்டும் ஒரே தளத்தில் நிற்கும்படி ராடைப் பிடித்துக்கொண்டு நட்டுகளை இறுக்க வேண்டும். ஒரு ஜாயின்ட் சாய்ந்த நிலையில் இறுக்கினால் லிங்க் பிடித்துக்கொள்ளும். ராடும் அதன் இருபுறக் கைகளும் ஏறக்குறைய செங்கோணத்தில் இருந்தால் கியர் ஏற்றுவதும் இறக்குவதும் காலுக்கு ஒரே மாதிரி இருக்கும். காலுக்கு எட்டவில்லை என்று ராடை எக்கச்சக்கமாக நீட்டி இந்தக் கோணத்தைக் கெடுப்பதைவிட, ஷாஃப்ட் கையை ஒரு பல் தள்ளி மாட்டி, மிச்சத்தை ராடில் சரிசெய்வதே முறை.

ஷாஃப்ட் கையைக் கழற்றும்போது அதன் போல்ட்டை முழுவதுமாக உருவிவிடவும். பல வண்டிகளில் அந்த போல்ட் ஷாஃப்ட்டில் வெட்டிய பள்ளத்தின் வழியாகப் போகிறது. பாதி தளர்த்தி இழுத்தால் மரையும் பல்லும் சேர்ந்து போகும். கழற்றியதும் பற்களைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து பார்க்க வேண்டும். ஷாஃப்ட் கடினமான எஃகு. கை பெரும்பாலும் அதைவிட மென்மையானது. எனவே முதலில் தேய்வது கைதான். இது நம் நல்லூழ். கையை மட்டும் மாற்றினால் வேலை முடிந்தது. திருப்பி மாட்டி இறுக்கிய பிறகு கவனிக்க வேண்டியது கையில் போல்ட் இறுக்குகிற பிளவு. இறுக்கத்தின் முடிவில் பிளவின் இரு உதடுகளுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிய வேண்டும். உதடுகள் ஒட்டிவிட்டால் போல்ட்டின் பலமெல்லாம் உதட்டை உதட்டோடு நசுக்குவதில் செலவாகிறது. பல்லுக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அந்த நிலையில் எவ்வளவு இறுக்கினாலும் தேய்ந்த சாவியைத் திண்டுக்கல் பூட்டில் முறுக்குவது போலத்தான். முறிவது சாவியாகத்தான் இருக்கும். ஆறு மி.மீ. போல்ட்டுக்கு ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டர் போதும். 10 செ.மீ. நீளமுள்ள ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வருகிற பலம் அது. மணிக்கட்டின் பலம், தோளின் பலம் இல்லை.

பல் தேய்ந்தால் வெல்டிங் வைத்துவிட்டால் ஒரேயடியாகத் தொல்லை தீர்ந்ததே என்பார்கள். இந்த வாதத்தில் ஓர் உண்மை இருக்கிறது. வெல்டிங் வைத்த கை ஆடாது, செலவும் குறைவு, புதுக்கோட்டை போகிற வழியில் வண்டி நின்றுபோனவருக்கு அன்று மாலை வீடு சேர அதுவே வழியாக இருக்கலாம். ஆனால் அதோடு வேறு மூன்றும் சேர்ந்து வருகின்றன. வெல்டிங் சூடு ஷாஃப்ட் வழியாக ஓடி அடுத்திருக்கும் ரப்பர் ஆயில் சீலைக் கருக்குகிறது. பிறகு அந்தச் சீலை மாற்றவோ கவரைக் கழற்றவோ வேண்டியபோது கையை அறுத்தெடுக்க வேண்டும். அறுக்கும்போது ஷாஃப்ட்டும் போகும், ஷாஃப்ட்டை மாற்ற இன்ஜினைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது, இப்போதைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பேட்டரியைக் கழற்றாமல் வெல்டிங் மின்சாரம் பாய்ந்தால் கட்டுப்பாட்டுப் பெட்டியே பழுதாகலாம். ஆகவே வெல்டிங்கைக் கடைசி வழியாக மட்டும் வைத்துக்கொள்ளவும். அதற்கு முன்னால் முயல வேண்டிய தற்காலிக வழி, பல்லுக்கும் கைக்கும் நடுவில் மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைச் சுற்றிச் செருகி இறுக்குவது. பட்டறைக்காரர்கள் காலகாலமாகச் செய்கிற வேலை இது. ஊர் போய்ச் சேரத் தாங்கும். அதற்குமேல் அதை நம்பக் கூடாது.

எனக்கே கனமாகத் தோன்றுகிற மறுப்பு வேறொன்று: கொஞ்சம் ஆட்டம் இருக்கத்தானே வேண்டும்? ஆம், இருக்க வேண்டும். ஆட்டமே இல்லாமல் எல்லா மூட்டையும் இறுக்கிவிட்டால் லீவர் மிதித்த இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு கியருக்குப் பின்னும் ஷாஃப்ட்டை நடுநிலைக்கு இழுத்துவர உள்ளே ஒரு ஸ்பிரிங் இருக்கிறது. வெளியே உள்ள உராய்வை அது ஜெயித்தாக வேண்டும். ஜெயிக்காவிட்டால் லீவர் திரும்பி வராது, அடுத்த மிதியில் உள்ளிருக்கும் கொக்கி அடுத்த பல்லைப் பிடிக்காது. தேய்மானத்தால் நேர்ந்த அதே கதி இறுக்கத்தாலும் நேரும். எனவே நாம் ஒழிக்க நினைப்பது சுழலும் திசைக்குக் குறுக்கே இருக்கிற ஆட்டத்தை. சுழலும் திசையில் தாராளம் இருக்கட்டும். புது ராயல் என்ஃபீல்டுகளில் அதிர்வே இல்லை, இதெல்லாம் பழைய புல்லட்காரர் கவலை என்று சொல்வோருக்கும் பதில் உண்டு. 2020-இல் மீட்டியாரோடு வந்த 350 இன்ஜினில் பேலன்ஸர் ஷாஃப்ட் இருப்பது உண்மை; அதிர்வு வெகுவாகக் குறைந்ததும் உண்மை. ஆனால் கிரீஸ் வற்றுவதையும் புழுதி ஏறுவதையும் பேலன்ஸர் தடுக்காது. தேய்மானம் மெதுவாக வரும், வராமல் போகாது.

தடுப்பு என்று பார்த்தால் வேலை அதிகமில்லை. வாட்டர் சர்வீஸில் அழுத்தமான தண்ணீரை லீவர் அச்சுக்கு நேராகப் பாய்ச்ச விடாதீர்கள். கிரீஸை வெளியேற்றி நீரை உள்ளே வைக்கிற வேலைதான் அது. பாய்ச்சியே விட்டால், அந்த வாரமே லீவரைக் கழற்றிக் கிரீஸ் வைத்துவிடவும். சர்வீஸுக்கு விடும்போது மெக்கானிக் பார்த்துக்கொள்வார் என்று இருப்பதிலும் பிசகு இருக்கிறது. சர்வீஸ் பல ஆயிரம் கி.மீ.க்கு ஒரு முறை வருகிறது. தளர ஆரம்பித்த நட் ஒரே மதுரைப் பயணத்தில் கழன்று விழலாம். மேலும், சொல்லாவிட்டால் லிங்கை யாரும் கழற்றமாட்டார்கள். ஆயிலும் செயினும் பார்த்து அனுப்புவார்கள். 'கியர் லீவர் புஷ்ஷைக் கழற்றிக் கிரீஸ் வைக்கவும்' என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்ல வேண்டும். இறுக்கிய ஒவ்வொரு நட்டுக்கும் போல்ட்டுக்கும் குறுக்கே, பக்கத்து உலோகம் வரை, நெயில் பாலிஷால் ஒரு கோடு போட்டுவிடவும். கோடு உடைந்தால் நட் திரும்பியிருக்கிறது. பயணத்தில் காலையில் கிளம்பும் முன் அந்தக் கோடுகளைப் பார்ப்பதும் லீவரைப் பக்கவாட்டில் ஒரு முறை அசைப்பதும் டயரைத் தட்டிப் பார்ப்பதைவிட அதிக நேரம் எடுக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் வழியில் லிங்க் கழன்றுவிட்டால் என்ன செய்வது? சிறுமலை இறக்கத்தில் டாப் கியரோடு மாட்டிக்கொள்வதே எல்லாவற்றிலும் மோசமான நிலை. இன்ஜின் பிரேக்கிங் கிட்டத்தட்ட இருக்காது, பிரேக் சூடேறும். அங்கே கிளட்ச்சைப் பிடித்துக்கொண்டு உருட்டிப் பார்க்கக் கூடாது. கிளட்ச்சை விட்டபடியே இரண்டு பிரேக்கையும் சேர்த்து வேகத்தைக் குறைத்து, நிற்கப்போகும் தருணத்தில் மட்டும் கிளட்ச்சைப் பிடித்து, அடுத்த அகலமான இடத்தில் ஓரங்கட்டவும். இன்ஜினை அணைத்துவிட்டு ஷாஃப்ட்டின் மேலுள்ள கையைக் கையாலேயே அசைத்து, வண்டியை முன்னும் பின்னும் லேசாக உருட்டிக்கொடுத்தால் கியர் ஒவ்வொன்றாக இறங்கும். இரண்டாவது கியரில் வைத்துக்கொண்டு கிளட்ச்சை நிதானமாக விட்டால் சமதளத்திலும் இறக்கத்திலும் 25, 30 கி.மீ. வேகத்தில் நத்தம் சாலை வரை வந்துவிடலாம். கையே வழுக்கினால் ஷாஃப்ட் நுனியை வைஸ் கிரிப் பிளையரால் பிடித்துத் திருப்பலாம். பல்லில் காயம் படாமல் நடுவில் ஒரு துணித் துண்டு வைக்கவும். ராடின் ஜாயின்ட் மட்டும் கழன்றிருந்தால் கட்டுக் கம்பியை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி முறுக்கிக் கட்டலாம். முறுக்கு முனை செயினுக்கு எதிர்ப்பக்கம் இருக்கட்டும். சீட்டுக்கடியில் இருக்க வேண்டியவை: பத்தாம் நம்பர் ஸ்பேனர் இரண்டு, ஆறு மி.மீ. போல்ட் நாலைந்து, அதற்கேற்ற நைலாக் நட்டுகள், ஒரு பால் ஜாயின்ட், ஒரு முழக் கட்டுக் கம்பி, சின்னதாக வெட்டிய அலுமினியத் தகடு. இடது மரை நட் ஒன்றையும் முன்கூட்டியே வாங்கி உறையில் போட்டு எழுதி வைத்துக்கொள்ளவும். ஞாயிற்றுக்கிழமை மதியம் அது எந்தக் கடையிலும் எளிதில் கிடைக்காது.